எந்த அளவு அலைக்கும்

கால்வாய்க் கரை உடைந்த செய்தி வந்தபோது அனிபா செர்ரிப் பழம் தின்றுகொண்டிருந்தாள். ஜூன் மாதம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். சோவியத் கிர்கிஸ் நாட்டின் ஃப்ரூன்ஸே நகரத்து நீர்ப்பாசன ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் அவள் மேஜை. கொட்டைகளைப் போடுவதற்காகப் பழைய கணக்குத் தாள் ஒன்றைக் கூம்பாகச் சுருட்டி வைத்திருந்தாள். எதிரே துறைத் தலைவர் வாதிம் லிவோவிச் தொலைபேசியைக் காதில் வைத்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "யாரு? பேரு தெரியுமா?" என்று கேட்டார். போனது தண்ணீர் மட்டுமல்ல என்று அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

இறந்தவள் பெயர் அஜர். நாற்பத்தொரு வயது. முப்பத்தோராம் கிலோமீட்டரில் கரைக்குக் கீழே சர்க்கரை பீட்ரூட் வயல். களையெடுக்கும் பெண்கள் எட்டுப் பேர் உச்சி வெயிலுக்கு ஒதுங்கி பாப்லர் மர நிழலில் படுத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கரை பிளந்தது. ஏழு பேர் ஓடித் தப்பிவிட்டார்கள். அஜருக்கு ஒரு கால் சற்று இழுக்கும்.

அந்தக் கால்வாயின் ஐந்து மதகுகளையும் மனிதர்கள் ஏற்றி இறக்குவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மதகு வீட்டிலிருக்கும் சிறிய கணிப்பொறி நீர்மட்டத்தை அளக்கும், கதவை எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு இறக்கலாம் என்று கணக்குப் போடும், மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். பிறகு அடுத்த பத்தாவது நிமிடம் வரை கண்ணை மூடிக்கொள்ளும். இடையில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. அது கணக்குப் போடும் சூத்திரம் அனிபாவுடையது. நான்கு வருட உழைப்பு. முப்பது வயதில் தொடங்கி முப்பத்து நான்கில் அதற்காகவே பட்டம் வாங்கியிருந்தாள்.

சூத்திரம் எழுதுவது பெரிய காரியமில்லை. அது நிலைப்புடையது என்று நிறுவுவதுதான் கடினம். கால்வாயில் தண்ணீர் எங்காவது ஏறி எங்காவது இறங்கி ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த ஆட்டம் தானாக அடங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஏறக்குறைய நூறு வருடங்களுக்கு முன்னால் லியாபுனவ் என்ற ரஷ்யக் கணித அறிஞர் ஒரு வழி காட்டினார். தண்ணீரின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண்ணைக் கொடு. அமைதியிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதற்கான எண். ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் அந்த எண் குறைகிறது என்று காட்டிவிட்டால் போதும், தண்ணீர் என்ன செய்தாலும் கடைசியில் அடங்கித்தான் ஆகவேண்டும். அனிபா காட்டினாள். ஆய்வேட்டை எதிர்த்துக் கேள்வி கேட்க மாஸ்கோவிலிருந்து வந்திருந்த கனத்த கண்ணாடிக்காரர், "எந்த அளவு அலைக்குமா?" என்று புருவத்தைத் தூக்கினார். "எந்த அளவு அலைக்கும்" என்றாள். பின்வரிசையில் அவளுடைய தம்பி கைதட்டிவிட்டு, வேறு யாரும் தட்டாததால் கையை மடியில் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் வாதிம் லிவோவிச் கால்வாயிலிருந்து வந்த காகிதச் சுருளை அவள் மேஜையில் வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அச்சான நீர்மட்டங்கள். "விசாரணைக் குழு போட்டிருக்காங்க. மதகுக் காவலர் ஷர்ஷென்னு ஒருத்தர், பதினொன்னே காலுக்குத் தானியங்கிய நிறுத்திட்டுக் கையால திருப்ப ஆரம்பிச்சிருக்கார். முக்கா மணி நேரத்துல கரை போச்சு. நம்ம பக்கம் தப்பில்லன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

"அவர் எதுக்கு நிறுத்தினார்?"

"அத அவங்க கேட்டுக்குவாங்க. நீ நம்ம பக்கத்த எழுது." போகிறவர் திரும்பினார். "ஏற்கெனவே நீ அவருக்கு நிறுத்தக்கூடாதுன்னு எழுதியிருக்க. நல்லவேளை. அந்தக் கடிதமும் கோப்புல இருக்கு."

அவளுக்கு அது நினைவில்லை. அலமாரியில் தேடினாள். பள்ளிக்கூடக் கட்டம் போட்ட தாளில், ஊதா மையில், கிர்கிஸ் மொழியில் எழுதிய கடிதம் கிடைத்தது. ஏப்ரல் தேதி. "மதிப்பிற்குரிய விஞ்ஞானிகளுக்கு. முப்பத்தோராம் கிலோமீட்டர் மதகுக் காவலர் ஷர்ஷென் எழுதுவது. தண்ணி கொஞ்சமா ஆடுனா மெஷின் அடக்கிடுது. அதுல குறை சொல்ல மாட்டேன். ரொம்ப ஆடுனா மெஷினும் கூடச் சேந்து ஆடுது. மார்ச் பதினெட்டாம் தேதி பாத்தேன். கையால நிறுத்தினேன். நீங்க ஒருதரம் வந்து பாத்தா நல்லது. டீ உண்டு." அதன் பின்னால் அவள் அனுப்பிய பதிலின் நகல், ரஷ்ய மொழியில், நிலையத்தின் முத்திரையுடன். "இவ்வமைப்பு எந்த அளவு அலைக்கும் நிலைப்புடையது என்பது நிறுவப்பட்டுள்ளது. அனுமதியின்றித் தானியங்கியை நிறுத்தக் கூடாது." இரண்டே வரி. கையெழுத்து அவளுடையதுதான். அன்று என்ன வேலையாக இருந்தாள், இதை எழுத எத்தனை நிமிடம் ஆனது, எதுவும் ஞாபகம் வரவில்லை.

காகிதச் சுருளை அவள் தரையில் பிரித்துப் போட்டாள். மேஜை போதவில்லை. முழங்காலிட்டு, ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் பென்சிலால் அந்த எண்ணைக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே போனாள். மே மாதம் முழுக்க எல்லாம் அவள் ஏட்டில் எழுதியபடியே இருந்தது. ஐந்து சென்டிமீட்டர் ஏறும், ஒரு மணி நேரத்தில் அடங்கும். எட்டு ஏறும், அடங்கும். கரை உடைவதற்கு இரண்டு நாள் முன்னால் மலையடிவாரத்தில் நல்ல மழை. பாசனம் வேண்டாமென்று ஒரு பண்ணை தன் கிளை வாய்க்காலைச் சட்டென்று மூடிவிட்டது. நீர்மட்டம் ஒரே தாவலாக முப்பது சென்டிமீட்டர் ஏறியது. அதற்குப் பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மூச்சு விடுவதுபோல. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு, முப்பத்தேழு. அவள் எழுதிய எண் குறையவில்லை. கணக்கில் பிசகியிருக்கிறோம் என்று அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அப்போதும் ஏறியது. ஒவ்வொரு அடியிலும் குறையும் என்று அவள் எழுபது பக்கத்தில் நிறுவிய எண், அவள் கண்ணெதிரே தரையில் ஏறிக்கொண்டே போனது. அந்த இரண்டு நாளும் மதகு தானியங்கியின் கையில்தான் இருந்திருக்கிறது. ஷர்ஷென் தொட்டது கடைசி முக்கால் மணி நேரம்.

பிழை அறுபத்தோராம் பக்கத்தில் இருந்தது. கணிப்பொறி சொன்ன இடத்துக்குக் கதவு பத்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று அங்கே அவள் வைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் பத்து நிமிடத்தில் எட்டு சென்டிமீட்டர்தான் நகர்த்தும். சின்ன அலைக்கு அது போதும். பெரிய அலை வந்து கணிப்பொறி முப்பது கேட்கும்போது கதவு எட்டில் நிற்கும். அது மீதித் தூரத்தைப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் திசை மாறிவிடும். மூடவேண்டிய நேரத்தில் திறந்துகொண்டிருக்கும், திறக்கவேண்டிய நேரத்தில் மூடும். ஆடுகிற ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தப் போனவன் தவறான கணத்தில் கைவைத்துத் தள்ளிவிடுவது மாதிரி. மோட்டாரின் விவரத்தாளை எடுத்தாள். எட்டு என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் அவள் கையெழுத்தில், "பொருட்படுத்தத் தேவையில்லை."

கூம்பிலிருந்த செர்ரிக் கொட்டைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. எழுந்து போய்க் கொட்டிவிட்டுக் கைகழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

வாதிம் லிவோவிச் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். அவரும் கணக்குத் தெரிந்தவர், பாதியிலேயே முகம் மாறிவிட்டது.

"சரி. நல்ல முடிவுதான் இது. எந்த அளவு வரைக்கும் அடங்கும், எதுக்கு மேல அடங்காதுன்னு எல்லை கண்டுபிடி. அடுத்த வருஷம் கட்டுரையா போடலாம்."

"அடுத்த வருஷமா? அந்த ஆள இந்த மாசம் ஜெயில்ல போடப் போறாங்க."

"அனிபா, நீ இப்பப் போய் பட்டம் வாங்கின ஏடே தப்புன்னு சொன்னா உன்னோட போகாது. என்னோடதும் போகும். இந்தத் துறையே போகும். இருபத்தாறு பேர்."

"இதே சூத்திரம் இன்னும் ரெண்டு கால்வாய்ல ஓடுது, வாதிம் லிவோவிச். ஜூலையில தண்ணி உச்சத்துக்கு வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி டையில் துடைத்தார். "வெளிய போ கொஞ்சம்" என்றார். கதவை மூடிக்கொண்டு அவள் நடைவழியில் நின்றபோது, உள்ளே அவர் தொலைபேசியைச் சுழற்றுவது கேட்டது. முதலில் ஒரு கால்வாயின் பெயர், பிறகு இன்னொன்று. "ஆமா, இன்னைக்கே. கையாலயே ஓட்டுங்க. காரணம் அப்புறம் சொல்றேன்." பிற்காலத்தில் அவரைப் பற்றி யார் தாழ்வாகப் பேசினாலும் அனிபா இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

மறுநாள் அவள் பேருந்து ஏறி முப்பத்தோராம் கிலோமீட்டருக்குப் போனாள். ஷர்ஷென் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார். மதகு வீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குப் பாத்தியில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, உலர்ந்த நெடிய உடம்பு. அவள் யாரென்று சொன்னதும் மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டு, வீட்டுக்குள் கூட்டிப்போனார். அவர் மனைவி பாத்மா ரொட்டியும் பாலேடும் எடுத்து வைத்தாள்.

"இவங்களா அந்தக் காகிதம் எழுதுனவங்க?" பாத்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நான் மீசையும் தொப்பையுமா ஒரு ஆள நெனச்சு வச்சு ரெண்டு மாசமா திட்டிக்கிட்டிருக்கேன். வீணாப் போச்சே."

"சும்மா இரு" என்றார் ஷர்ஷென். கிண்ணத்தைக் கொஞ்சமாக நிரப்பி, இரண்டு கையாலும் அனிபாவிடம் நீட்டினார். "டீ உண்டுன்னு எழுதியிருந்தேன். இப்பதான் வந்தீங்க."

அனிபா கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, மூத்தவர்களை அண்ணனாக்கும் கிர்கிஸ் முறையில் அவரைக் கூப்பிட்டாள். "ஷர்ஷென் பைகே, நீங்க எழுதினதுதான் சரி. நான்தான் தப்பு. குழுவுல வந்து சொல்லப் போறேன்."

அவர் அவளைப் பார்க்காமல் மேஜை விரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "மொத நாளே கை சுவிட்சுக்குப் போச்சு, தங்கச்சி. அப்புறம் உங்க காகிதத்த எடுத்துப் படிச்சேன். மகளுக்கு நல்லா ரஷ்யன் தெரியும், அவளையும் படிக்கச் சொன்னேன். 'எந்த அளவு அலைக்கும்'னு போட்டிருக்கு. முத்திரை இருக்கு. நான் எட்டாவது படிச்சவன். இவங்க கணக்குல நமக்குப் புரியாதது ஏதோ இருக்கும், பொழுது சாயறதுக்குள்ள அடங்கிடும்னு உக்காந்திருந்தேன். அடங்கல. மறுநாளும் உக்காந்திருந்தேன்."

"நீங்க உக்காந்தது என் கடிதத்தால."

"தண்ணி என்ன பண்ணப் போவுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உக்காந்திருந்தேன்ல?" குரல் உயரவில்லை. "உங்க தப்பு ஏதோ ஒரு பக்கத்துல இருக்கு, திருத்திடுவீங்க. என்னோடத எந்தப் பக்கத்துல திருத்தறது?"

பாத்மா டீ கொதிக்கும் சமோவாருக்குப் பின்னால் திரும்பிக்கொண்டாள். முன்பிருந்த கிண்டல் இல்லாமல், "நீங்க சொல்லிட்டு டவுனுக்குப் போயிடுவீங்க. அஜரோட புருஷன் குர்மான் தெனம் இந்தக் கரை மேலதான் மாடு ஓட்டிக்கிட்டுப் போறான். எங்க ஜன்னல் பக்கமே பாக்கறதில்ல. பாத்தாத்தான் தேவல" என்றாள்.

விசாரணை மாவட்டப் பண்பாட்டு இல்லத்தில் நடந்தது. மேடையில் சிவப்புத் துணி போர்த்திய மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். கீழே நாற்காலிகளில் பீட்ரூட் வயல் பெண்கள், பண்ணை ஆட்கள். மூன்றாம் வரிசையில் குர்மான், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. ஷர்ஷென் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபுறமும் மூன்று மூன்று நாற்காலிகள் காலி. கூட்டத்தில் யாரும் அதை ஏற்பாடு செய்யவில்லை.

அனிபா காகிதச் சுருளை விரித்துக் காட்டினாள். அலை வளர்ந்த விதத்தை எண் எண்ணாகப் படித்தாள். ஷர்ஷென் ஏப்ரலில் எழுதியதை முழுக்க வாசித்தாள், டீ உட்பட. பிறகு தன் பதிலையும் வாசித்தாள்.

குழுத் தலைவர் அவளைப் பார்த்துப் பென்சிலால் மேஜையைத் தட்டினார். "தோழர் துராரோவா, ஒன்னு தெளிவாச் சொல்லுங்க. உங்க சொந்த ஆய்வேடு தப்புன்னா சொல்றீங்க?"

"ஆமா. அறுபத்தோராம் பக்கம். அதுல இருந்து பின்னால எல்லாம்."

"இத ஒன்பது பேராசிரியர்கள் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அவங்க யாரும் மதகு பாத்ததில்ல. நானும் நாலு வருஷத்துல ரெண்டு தடவதான் பாத்தேன். ரெண்டு தடவையும் தண்ணி அமைதியா இருந்துச்சு."

யாரோ இருமினார்கள். தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து எதையோ கேட்டார். அந்த நேரத்தில் குர்மான் எழுந்தான். பேச அனுமதி கேட்கவில்லை. அவளை மட்டும் பார்த்து, மாட்டுச் சந்தையில் விலை கேட்பவனைப்போல நிதானமாகக் கேட்டான். "அந்தப் பக்கத்த நீங்க சரியா எழுதியிருந்தா அஜர் இருந்திருப்பாளா?"

சொல்வதற்கு அவளிடம் பல பதில்கள் இருந்தன. மழை, மூடிய வாய்க்கால், வெயிலில் வெடித்த பழைய கரை. எல்லாமே உண்மைதான்.

"இருந்திருப்பாங்க" என்றாள்.

குர்மான் தலையை ஆட்டினான். ஏதோ ஒன்று உறுதியானதுபோல. தொப்பியைப் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு வெளியேறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

ஜூலை கடைசியில் முடிவு வந்தது. யார் பெயரும் இல்லாமல், "கருவியின் வடிவமைப்பில் குறைபாடு" என்று ஒரு வரி. ஷர்ஷென் மீதான வழக்கு கைவிடப்பட்டது. கால்வாய் நிர்வாகம் அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. அனிபா தன் பட்டத்தை ரத்து செய்யச் சொல்லி மாஸ்கோவுக்கு எழுதினாள். அப்படி ஒரு விண்ணப்பத்துக்குப் படிவமே இல்லை என்று பதில் வந்தது, இரண்டே வரியில். நிலையத்தில் அவளை இளநிலைப் பணியாளராக இறக்கினார்கள். ஜன்னலோர மேஜை வேறு ஒருவருக்குப் போனது. நடைவழியில் எதிர்ப்படும் சிலர் அவளைக் கண்டதும் கையிலிருக்கும் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். அவளுடைய அம்மா, தொலைபேசியில், "நீயா போய் எதுக்குடி சொன்ன, யாரும் கேக்கலையே" என்று அழுதாள். தம்பி மட்டும் ஒரு பெட்டி ஆப்பிள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதைப் பற்றி எதுவும் கேட்காமல் கால்பந்து பேசிவிட்டுப் போனான்.

எல்லை எங்கே இருக்கிறது என்பதை அவள் கோடை முழுக்கக் கணக்குப் போட்டாள். பத்தொன்பது சென்டிமீட்டர் வந்தது. அந்த அளவு வரை அலை அடங்கும், அதைத் தாண்டினால் வளரும். காகிதத்தில் வந்ததை இனி அவள் காகிதத்தோடு நம்பத் தயாராக இல்லை. வாதிம் லிவோவிச் எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஆகஸ்ட் இறுதியில், பாசனம் குறைந்து கால்வாய் பாதிக்குக் கீழே ஓடும் நாட்களில், அவளும் ஷர்ஷெனும் மதகில் அலைகளைத் தாங்களே உண்டாக்கி அளந்தார்கள். கதவைக் கையால் திருப்பித் தண்ணீரைச் சற்று ஏற்றுவார்கள். பிறகு தானியங்கியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். திங்கட்கிழமை ஐந்து சென்டிமீட்டர், அடங்கியது. செவ்வாய் பத்து. புதன் பதினைந்து, அது அடங்க மாலை வரை ஆனது. வேலை நேரத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. அவர் அளவைச் சொல்வார், அவள் எழுதுவாள்.

வியாழக்கிழமை பதினெட்டு. காலை பத்து மணிக்கு அலையை விட்டார்கள். முதல் மூச்சு பதினாறுக்கு இறங்கியது, பிறகு பதினெட்டுக்கே திரும்ப வந்தது. ஷர்ஷென் இரும்புச் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றார். "நிறுத்தவா?" என்று கேட்கவில்லை. அவள் சொல்வதற்காகக் காத்திருப்பவராகவும் தெரியவில்லை. தேவைப்பட்டால் இந்த முறை தானே திருப்பிவிடுவார் என்று அனிபாவுக்குத் தோன்றியது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

கரை மேல் மாடுகள் வந்தன. பின்னால் குர்மான். மதகைத் தாண்டும்போது மாடுகள் வழக்கம்போல முன்னே போய்க்கொண்டிருந்தன. அவன் நின்றான். இருவரையும், அளவுகோலையும், தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரைச் சரிவில், புதிதாகக் கொட்டி இறுக்கிய மண்ணின் மேல் உட்கார்ந்தான். ஷர்ஷென் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல் மெல்லத் தலைதாழ்த்தினார். குர்மான் அதற்குப் பதில் எதுவும் செய்யவில்லை. எழுந்து போகவும் இல்லை.

உள்ளே கணிப்பொறி பத்தாவது நிமிடத்தில் கண் விழிக்கும் சின்ன ஓசை கேட்டது. மோட்டார் முனகியது. கதவு நகர்ந்தது.

"இப்ப எவ்வளவு?" என்றான் குர்மான்.

அனிபா படியில் இறங்கி அளவுகோலின் அருகே குனிந்தாள். வெள்ளைப் பட்டையில் பதினெட்டாம் கோடு வரை ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதற்கு ஒரு விரல் கீழே நின்று, ஏறுவதா இறங்குவதா என்று தீர்மானிக்காததுபோல் லேசாக அசைந்தது.